ஹெபடைடிஸ் சி: ஊசி வழியே போதைப்பொருள் பயன்படுத்தும் இளைஞர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

ஹெபடைடிஸ் சி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் நோயாகும். இரத்தத்தின் வழியே பரவும் இந்நோய், பல ஆண்டுகள் எவ்வித அறிகுறியும் காட்டாமல் உடலில் தங்கி, கல்லீரலைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும் இயல்புடையது. இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆயினும், இதனை முழுமையாகக் குணப்படுத்தும் மாத்திரைகள் உள்ளன. அவை அரசுச் சிகிச்சை மையங்களில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

ஊசி வழியே போதைப்பொருள் பயன்படுத்துகின்ற, அல்லது முன்னர் ஒருமுறையேனும் பயன்படுத்திய இளைஞர்களுக்காகவும், அவர்களைப் பேணும் பெற்றோர், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணைவர் ஆகியோருக்காகவும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. எவர் மீதும் குறை கூறுவது இதன் நோக்கமன்று. நோயைக் காலத்தில் கண்டறிந்து குணப்படுத்துவதற்கான வழியைக் காட்டுவதே நோக்கம்.

முக்கியச் செய்திகள்

- வாழ்நாளில் ஒரேயொரு முறை ஊசியைப் பகிர்ந்திருந்தாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.
- ஊசி மட்டுமன்று. கரைக்கப் பயன்படும் நீர், மூடி, பஞ்சு ஆகியவற்றைப் பகிர்வதாலும் நோய் பரவும்.
- முதற்கட்டப் பரிசோதனை மட்டும் போதாது. அதில் நோய்க்குறி தென்பட்டால் இரண்டாம் கட்டப் பரிசோதனை கட்டாயம் தேவை.
- பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைச் சிகிச்சையே போதுமானது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர்.
- போதைப் பழக்கத்தை முற்றிலும் விட்ட பின்னரே சிகிச்சை பெற இயலும் என்பது தவறான கருத்து.
- ஒருமுறை குணமடைந்தவருக்கும் இந்நோய் மீண்டும் தொற்றக்கூடும்.

ஹெபடைடிஸ் சி என்றால் என்ன?

ஹெபடைடிஸ் என்னும் சொல்லுக்குக் கல்லீரல் அழற்சி என்பது பொருள். இதனை உண்டாக்கும் வைரஸ்களுள் ஏ, பி, சி, டி, இ என்னும் ஐந்து வகைகள் முதன்மையானவை. ஏ, இ ஆகிய இரண்டும் பெரும்பாலும் மாசடைந்த குடிநீராலும் உணவாலும் பரவுபவை. பி, சி, டி ஆகியவை இரத்தத்தின் வழியே பரவுபவை. மழைக்காலத்தில் ஊரில் பலருக்கும் ஒருசேர வந்து சில வாரங்களில் நீங்கிவிடும் மஞ்சள் காமாலையும், இங்கு நாம் பேசும் ஹெபடைடிஸ் சியும் ஒன்றல்ல.

ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. இக்கண்டுபிடிப்பிற்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹவ்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்வதாகவும், ஆண்டுதோறும் சுமார் 10 இலட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்படுவதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 2,42,000 பேர் இதனால் உயிரிழந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் கல்லீரல் இறுக்க நோயாலும் கல்லீரல் புற்றுநோயாலும் மாண்டவர்கள்.

வைரஸ் உடலில் நுழைந்தபின் முதல் 6 மாதங்களுக்குள் சிலருடைய உடலின் நோய் எதிர்ப்பாற்றலே அதனை வெளியேற்றிவிடும். தொற்றுற்ற நூறு பேரில் 15 முதல் 45 பேர் வரை இவ்வாறு தாமாகவே விடுபடுகின்றனர். ஏனையோருக்கு அது நாள்பட்ட நோயாக நிலைத்துவிடுகிறது. நாள்பட்ட நோயுற்ற நூறு பேரில் 15 முதல் 30 பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் இறுக்க நோய் உண்டாகும் வாய்ப்பு உள்ளது. மதுப்பழக்கம், ஹெபடைடிஸ் பி அல்லது எச்.ஐ.வி. தொற்று, உடற்பருமன் ஆகியவை உடன் இருந்தால் கல்லீரல் இதனினும் விரைவாகக் கெடும்.

இக்கணக்கை ஓர் இளைஞரின் வாழ்வில் பொருத்திப் பாருங்கள். இருபது வயதில் தொற்றுற்றவர் அதன் விளைவை நாற்பது வயதில் சந்திக்க நேரிடுகிறது. அப்போது அவர் போதைப் பழக்கத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். மணமாகி, பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். இளமையில் சில மாதங்களே நீடித்த ஒரு பழக்கத்தின் எச்சம், குடும்பத்தைத் தாங்கி நிற்கும் பருவத்தில் வெளிப்படுகிறது. பரிசோதனையை இன்றே செய்துகொள்ளுமாறு வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இளைஞர்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

இந்தியாவில் ஏறத்தாழ 8.5 இலட்சம் பேர் ஊசி வழியே போதைப்பொருள் பயன்படுத்துவதாக 2019ஆம் ஆண்டு வெளியான மைய அரசின் தேசிய ஆய்வறிக்கை மதிப்பிட்டது. தமிழகத்தில் முன்பு ஹெராயினும் புப்ரெனார்பின் ஊசி மருந்துமே இவ்வாறு தவறாகப் பயன்பட்டன. அண்மை ஆண்டுகளில் டேபென்டடால் போன்ற வலி நிவாரண மாத்திரைகளை ஊசியில் ஏற்றும் பழக்கம் இளைஞர்களிடையே பரவியுள்ளது.

‘இது மருந்துக்கடையில் விற்கும் மாத்திரைதானே, போதைப்பொருள் அன்றே’ என்னும் எண்ணம் இப்பழக்கத்தின் தொடக்கத்தில் பலருக்கும் உண்டு. இவ்வெண்ணம் இருவகையில் தவறானது. முதலாவதாக, இவை மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாதவை. அபினைப் போன்றே அடிமைத்தனத்தை உண்டாக்குபவை. இரண்டாவதாக, விழுங்குவதற்கென்று செய்யப்பட்ட மாத்திரையில் மருந்துடன் முகப்பவுடர்க் கல்லின் தூள், மாவுப்பொருள் முதலிய இணைப்புப் பொருள்களும் கலந்துள்ளன. இவை நீரில் முழுமையாகக் கரைவதில்லை. இரத்தக்குழாயில் செலுத்தப்படும்போது நரம்புகளை அடைத்து, நுரையீரலில் படிந்து, தீராத சேதத்தை விளைவிக்கும். சீழ்க்கட்டிகளும் இதய வால்வுகளில் கிருமித் தொற்றும் ஏற்படக்கூடும்.

ஹெபடைடிஸ் சியைப் பொறுத்தவரை, இளைஞர்களைப் பெரிதும் ஆபத்துக்கு உள்ளாக்குபவை பின்வரும் சூழ்நிலைகளாகும்.

- முதல் ஊசியைப் பெரும்பாலும் அனுபவமுள்ள வேறொருவரே போட்டுவிடுகிறார். அது எவருடைய ஊசி, முன்பு எத்தனை பேர் அதைப் பயன்படுத்தினர் என்று புதியவர் கேட்பதில்லை.
- நண்பர்கள் கூடும் இடத்தில் ஒரே ஊசி கைமாறுகிறது. ‘இவன் என் நண்பன், திடகாத்திரமாகத்தான் இருக்கிறான்’ என்னும் நம்பிக்கை பாதுகாப்பாகத் தோன்றுகிறது. ஹெபடைடிஸ் சி உள்ளவரும் பல ஆண்டுகள் திடகாத்திரமாகவே தோற்றமளிப்பார்.
- வாரத்தில் ஒருநாள், மாதத்தில் ஒருநாள் மட்டும் பயன்படுத்துபவர் தம்மைப் போதைக்கு அடிமையானவராகக் கருதுவதில்லை. ஆகவே, ஊசிப் போதை பற்றிய எச்சரிக்கைகள் தமக்குரியவை அல்ல என்று எண்ணுகிறார்.
- பெண்கள் பலர் தம் துணைவரைக் கொண்டே ஊசி போட்டுக்கொள்கின்றனர். அவர் பயன்படுத்திய பின்னர் அதே ஊசி இவர்களுக்குப் பயன்படுத்தப்படுகிறது.
- வெளியே தெரிந்துவிடும் என்னும் அச்சத்தால் மருந்துக்கடையில் புதிய ஊசி கேட்கத் தயங்குகின்றனர்.

இத்தொற்று நெடுங்காலப் பழக்கமுள்ளவர்களுக்கு மட்டுமே உரியதன்று. ஊசிப் பழக்கம் தொடங்கிய முதற்சில ஆண்டுகளிலேயே பலர் தொற்றுக்கு உள்ளாகின்றனர்.

நோய் எவ்வாறு பரவுகிறது?

தொற்றுள்ளவரின் இரத்தம், கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு அளவிலேனும், மற்றொருவரின் இரத்தத்தில் கலந்தால் போதும். ஊசி நரம்பில் சரியாக இறங்கியுள்ளதா என்று பார்க்கச் சிறிது இரத்தம் சிரிஞ்சுக்குள் இழுக்கப்படுகிறது. மருந்தை முழுவதும் செலுத்திய பின்னரும், ஊசி பொருந்தும் முனைப்பகுதியில் சிறிதளவு திரவமும் இரத்தமும் எஞ்சிவிடுகின்றன. காலியாகத் தோன்றும் சிரிஞ்சு உண்மையில் காலியானதன்று. இவ்வாறு எஞ்சிய இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் 63 நாள்கள் வரை உயிர்ப்புடன் இருந்ததை ஆய்வக ஆய்வு காட்டியுள்ளது.

ஊசி தனித்தனியாக இருந்தாலும், பின்வருவனவற்றைப் பகிர்ந்தால் நோய் பரவக்கூடும்.

- மருந்தைக் கரைக்கவும் சிரிஞ்சை அலசவும் பயன்படும் நீர்
- கரைக்கும் மூடி, கரண்டி அல்லது கிண்ணம்
- வடிகட்டப் பயன்படும் பஞ்சு
- கையில் இறுக்கிக் கட்டும் பட்டை, ஊசி போட்ட இடத்தைத் துடைக்கும் துணி
- ஒரு சிரிஞ்சில் கரைத்த மருந்தைப் பல சிரிஞ்சுகளுக்குப் பங்கிடுதல்

‘நான் எவருடைய ஊசியையும் வாங்கியதில்லை’ என்று உண்மையாகவே கூறும் பலருக்கும் இந்நோய் காணப்படுவதற்கு இதுவே காரணம். பயன்படுத்திய ஊசியை நீரால் அலசுவதோ, தீயில் காட்டுவதோ, சாராயத்தால் துடைப்பதோ வைரஸை அழிக்காது. பிளீச்சிங் கரைசலால் கழுவுவது ஆபத்தை ஓரளவு குறைக்கலாம். எனினும், புதிய ஊசிக்கு அது ஈடாகாது.

ஊசிப் பழக்கத்தைத் தவிர, தூய்மையற்ற கருவியால் பச்சை குத்துதல், காது மூக்குக் குத்துதல், சவரக்கத்தியையும் பல் துலக்கியையும் பகிர்தல், முறையாகத் தூய்மை செய்யப்படாத மருத்துவக் கருவிகள் ஆகியவற்றாலும் இது பரவலாம். தொற்றுள்ள தாயிடமிருந்து பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஆறு குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படக்கூடும். உடலுறவின் வழியே பரவும் வாய்ப்பு குறைவு. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களிடத்தும், இரத்தக் கசிவு உண்டாகும் சூழலிலும் அவ்வாய்ப்பு கூடும். ஆகவே, ஆணுறை பயன்படுத்துவது நலம்.

எவற்றால் பரவாது?

ஒரே தட்டில் உண்பது, ஒரே தம்ளரில் நீர் அருந்துவது, கட்டித் தழுவுவது, கைகுலுக்குவது, இருமல், தும்மல், கொசுக்கடி, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவது ஆகிய எவற்றாலும் ஹெபடைடிஸ் சி பரவாது. தாய்ப்பாலாலும் பரவாது. மார்புக்காம்பில் வெடிப்போ இரத்தக் கசிவோ இருந்தால் மட்டும், அது ஆறும் வரை பாலூட்டுவதை நிறுத்தி வைக்க வேண்டும். நோயுற்ற மகனுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், தனி அறை என்று ஒதுக்கி வைப்பதால் எவருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை. அவர் மனம் உடைந்து சிகிச்சையிலிருந்து விலகுவதற்கே அது வழிவகுக்கும்.

அறிகுறிகள் யாவை?

தொற்றுற்ற பத்துப் பேரில் எண்மருக்குத் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. ஏனையோருக்கு இரண்டு வாரம் முதல் ஆறு மாதத்திற்குள் காய்ச்சல், சோர்வு, பசியின்மை, குமட்டல், வயிற்றுவலி, மூட்டுவலி, சிறுநீர் கருமஞ்சளாகப் போதல், கண்கள் மஞ்சளாதல் ஆகியவை தோன்றலாம். இவை தாமே மறைந்தாலும் நோய் மறைந்துவிட்டது என்று கொள்ளலாகாது.

வயிறு வீங்குதல், கால்வீக்கம், இரத்த வாந்தி, மலம் தார்போல் கருத்துப் போதல், மனக்குழப்பம், இடைவிடாத உறக்க மயக்கம் ஆகியவை கல்லீரல் மிகவும் பழுதடைந்ததன் அடையாளங்கள். இவற்றுள் எது தோன்றினாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பரிசோதனை: இரண்டு கட்டங்கள்

பெரும்பாலோர் குழப்பமடையும் இடம் இது. ஆகவே, சற்றுக் கவனமாகப் படியுங்கள்.

முதற்கட்டம், எதிர்ப்பொருள் பரிசோதனை. வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் உள்ளதா என்பதை இது காட்டும். விரலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்திலேயே சில நிமிடங்களில் முடிவு தெரியும் முறையும் உண்டு. இதில் நோய்க்குறி தென்பட்டால், எப்போதோ ஒருமுறை வைரஸ் உடலில் நுழைந்தது என்பது மட்டுமே பொருள். அது இப்போதும் இருக்கிறதா என்பதை இப்பரிசோதனை கூறாது.

இரண்டாம் கட்டம், ஆர்.என்.ஏ. பரிசோதனை. வைரஸ் இரத்தத்தில் இப்போது உள்ளதா, எவ்வளவு உள்ளது என்பதை இது காட்டும். இதில் வைரஸ் காணப்பட்டால் சிகிச்சை தேவை. காணப்படாவிட்டால், உடலே வைரஸை வெளியேற்றிவிட்டது, அல்லது முன்பு பெற்ற சிகிச்சையால் குணமாகிவிட்டது என்று பொருள்.

முதற்கட்ட முடிவைக் கண்டதும் வாழ்க்கையே முடிந்துவிட்டதாக அஞ்சி மருத்துவமனைக்குத் திரும்பாமற் போவோர் உண்டு. அவர்களுள் சிலருக்கு நோயே இல்லாமல் இருக்கலாம். ஏனையோருக்கு இருப்பதோ குணமாகக்கூடிய நோய். இரண்டாம் கட்ட முடிவு கையில் கிடைக்கும் வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

எதிர்ப்பொருள் இரத்தத்தில் தென்படத் தொற்றுக்குப்பின் 8 முதல் 11 வாரங்கள் வரை ஆகலாம். எனவே, அண்மையில் ஊசியைப் பகிர்ந்தவருக்கு முதற்கட்டப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும், அதனை இறுதியாகக் கொள்ளக்கூடாது. எப்போது பகிர்ந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் கூறினால் ஆர்.என்.ஏ. பரிசோதனையையோ, சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனையையோ அவர் பரிந்துரைப்பார். ஊசிப் பழக்கம் தொடர்பவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. ஆகியவையும் இதே வழியில் பரவுபவை. ஆதலால், மூன்றுக்கும் ஒருசேரப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மருத்துவரிடம் எப்படித் தொடங்குவது என்று தயங்குகிறீர்களா? ‘நான் ஊசியைப் பகிர்ந்திருக்கிறேன். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்’ என்று கூறினால் போதும். வேறு விளக்கம் எதுவும் தேவையில்லை. உங்கள் நோய் விவரங்களை இரகசியமாகக் காப்பது மருத்துவப் பணியாளரின் கடமையாகும்.

சிகிச்சை எவ்வாறு அளிக்கப்படுகிறது?

ஒரு காலத்தில் இந்நோய்க்கு இன்டர்பெரான் என்னும் ஊசி மருந்து ஓராண்டு வரை செலுத்தப்பட்டது. பக்கவிளைவுகள் கடுமையாக இருந்தன. பலருக்குக் குணமும் கிட்டவில்லை. இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. வைரஸின் பெருக்கத்தை நேரடியாகத் தடுக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன.

தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், உலக ஹெபடைடிஸ் தினத்தன்று தொடங்கப்பட்டது. இத்திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. கல்லீரல் இறுக்க நோய் இல்லாதவர்களுக்கு சோபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் என்னும் இரு மருந்துகள் நாளுக்கு ஒருவேளை வீதம் 12 வாரங்கள் தரப்படுகின்றன. கல்லீரல் இறுக்கம் உள்ளவர்களுக்கு சோபோஸ்புவிருடன் வெல்படஸ்விர் தரப்படும். நோய் முற்றியவர்களுக்கு ரிபாவிரின் சேர்க்கப்படலாம். சிலருக்குச் சிகிச்சைக் காலம் 24 வாரங்களாக நீட்டிக்கப்படலாம். தலைவலி, சோர்வு, குமட்டல் போன்ற சிறு பக்கவிளைவுகளே பெரும்பாலும் காணப்படுகின்றன.

சிகிச்சையின்போது கவனிக்க வேண்டியவை:

- நாள்தோறும் ஒரே நேரத்தில் மாத்திரையை உட்கொள்ளுங்கள். உடல் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் இடையில் நிறுத்தாதீர்கள். ஒருநாள் தவறினால் சிகிச்சையே வீணாயிற்று என்று கைவிட்டுவிடாமல், மையத்தைத் தொடர்புகொண்டு தொடருங்கள்.
- நீங்கள் உட்கொள்ளும் பிற மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுங்கள். காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்பு நோய்க்கான பெனிடாயின், கார்பமசெபின், இதயத்துடிப்புச் சீரின்மைக்கான அமியோடரோன், சில எச்.ஐ.வி. மருந்துகள், அமிலத்தைக் குறைக்கும் வயிற்றுப்புண் மாத்திரைகள் ஆகியவை இச்சிகிச்சையைப் பாதிக்கக்கூடும்.
- ஹெபடைடிஸ் பி உடன் இருந்தால், சி வைரஸ் நீங்கும்போது பி வைரஸ் மீண்டும் தலைதூக்கலாம். அதற்கான பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.
- மதுவை அறவே தவிருங்கள். கல்லீரலுக்கு அது இரட்டைச் சுமை.
- கீழாநெல்லியோ பிற நாட்டு மருந்துகளோ ஹெபடைடிஸ் சி வைரஸை நீக்குவதாக நிறுவப்படவில்லை. அவற்றை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். வேறு மருந்து உட்கொள்பவராயின் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

சிகிச்சை முடிந்து 12 வாரங்கள் கழித்து மீண்டும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்யப்படும். அப்போது வைரஸ் காணப்படாவிட்டால் நோய் குணமாகிவிட்டது என்று உறுதி செய்யப்படும். மாத்திரைகள் தீர்ந்தவுடன் வராமல் நின்றுவிடுவோர் இவ்வுறுதியைப் பெறாமலே போகின்றனர். எனவே, அந்த நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். கல்லீரல் இறுக்க நோய் ஏற்கெனவே உண்டாகிவிட்டவர்கள், வைரஸ் நீங்கிய பின்னரும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எதிர்ப்பொருள், குணமான பின்னரும் வாழ்நாள் முழுவதும் இரத்தத்தில் இருக்கும். வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலோ அறுவை சிகிச்சைக்கு முன்போ அது மீண்டும் தென்படலாம். ஆகவே, ஆர்.என்.ஏ. முடிவுச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போதைப் பழக்கம் தொடரும்போது சிகிச்சை பெறலாமா?

பெறலாம், பெற வேண்டும். போதைப்பொருள் பயன்படுத்துவது ஹெபடைடிஸ் சி சிகிச்சையை மறுப்பதற்கான காரணமன்று. இவர்களும் மாத்திரைகளை முறையாக உட்கொண்டு மற்றவர்களைப் போன்றே குணமடைகின்றனர். ஒருவரைக் குணப்படுத்துவதால் அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் தடைபடுகிறது. ‘முதலில் பழக்கத்தை விட்டுவிட்டு வா’ என்று எவரேனும் திருப்பி அனுப்பினால் மனந்தளராமல், திட்டத்தின் உதவி எண்ணைத் தொடர்புகொள்ளுங்கள்.

எனினும், குணமடைந்த உடலுக்கு இந்நோயை மீண்டும் தடுக்கும் ஆற்றல் கிட்டுவதில்லை. மறுபடியும் ஊசியைப் பகிர்ந்தால் மறுபடியும் தொற்றலாம். அவ்வாறு நேர்ந்தாலும் மீண்டும் சிகிச்சை பெற இயலும். வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாதீர்கள்.

தொற்றைத் தடுப்பது எவ்வாறு?

ஊசிப் பழக்கத்தை விடுவதே முழுமையான பாதுகாப்பு. அதனை ஒரே நாளில் விட இயலாதவர்களுக்கும் பாதுகாப்பான வழிகள் உள்ளன.

ஓபியாய்டு மாற்றுச் சிகிச்சை: ஹெராயின், வலி நிவாரண மாத்திரை ஆகியவற்றுக்கு அடிமையானவர்களுக்கு, மருத்துவரின் மேற்பார்வையில் நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரையோ வாய்வழி மெத்தடோனோ தரப்படுகிறது. உடல் நடுக்கம், வலி, ஏக்கம் ஆகியவை தணிவதால் ஊசியின் தேவை குறைகிறது. இது ஒரு போதைக்குப் பதிலாக மற்றொரு போதை அன்று. நீரிழிவு நோய்க்கு நாள்தோறும் மருந்து உட்கொள்வதைப் போன்ற மருத்துவமே இது. இச்சிகிச்சை ஹெபடைடிஸ் சி தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. புதிய ஊசிகளும் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் அவ்வாய்ப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

புதிய ஊசி: ஒவ்வொரு முறையும் புதிய ஊசி, புதிய சிரிஞ்சு, தனி நீர், தனி மூடி, தனிப் பஞ்சு என்பதே விதி. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இயங்கும் இலக்குக் குழுத் தலையீட்டுத் திட்டங்கள் வாயிலாகப் புதிய ஊசிகள் வழங்கப்பட்டு, பழையவை திரும்பப் பெறப்படுகின்றன.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி: சி வகைக்குத் தடுப்பூசி இல்லை, பி வகைக்கு உண்டு. மூன்று தவணைகளையும் முறையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத்தினருக்கு

பிள்ளையின் கையில் ஊசித் தழும்புகளைக் கண்ட அன்று பெற்றோருக்கு ஏற்படும் அதிர்ச்சியும் சினமும் இயல்பானவையே. ஆயினும், அடித்தலும், அறையில் பூட்டி வைத்தலும், உறவினர் முன் அவமதித்தலும் பழக்கத்தை மறைவாக்குமேயன்றி நீக்காது. மறைவான இடத்தில், அவசரத்தில், பிறருடைய ஊசியால் போட்டுக்கொள்ளும் நிலைக்கே அது தள்ளும்.

அமைதியான வேளையில், தனியாக, சுருக்கமாகப் பேசுங்கள். ‘நீ எப்போது விடப்போகிறாய்?’ என்பதற்கு முன், ‘பரிசோதனைக்கு நானும் உடன் வருகிறேன்’ என்று கூறுங்கள். பழக்கத்தைப் பற்றிப் பேச மறுக்கும் இளைஞரும் உடல்நலப் பரிசோதனைக்கு இசைவதுண்டு. சிகிச்சை தொடங்கிய பின் மாத்திரையை நினைவூட்டுவதும், மருத்துவமனை செல்லும் நாளில் துணை போவதும் பேருதவியாகும். பிள்ளை 18 வயதுக்கு உட்பட்டவராயின் சிகிச்சைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் தேவைப்படும். ஆகவே முதன்முறை உடன் செல்லுங்கள்.

வீட்டில் பயன்படுத்திய ஊசியைக் கண்டால் அதன் மூடியைத் திரும்ப மாட்ட முயலாதீர்கள். தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு மூடி, மருத்துவமனையில் ஒப்படையுங்கள். தவறி ஊசி குத்திவிட்டால், அவ்விடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். ஹெபடைடிஸ் சிக்கு அத்தகைய தடுப்பு மருந்து இல்லை. ஆயினும், உரிய காலத்தில் பரிசோதித்தால் தொற்றைக் கண்டு குணப்படுத்தலாம்.

அளவுக்கு மீறிய போதையால் மூச்சு மிகவும் மெதுவாகி, உதடு நீலமாகி, எழுப்பியும் எழாத நிலை ஏற்பட்டால் உடனே 108ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உதவி வரும் வரை உடன் இருங்கள். என்ன எடுத்துக்கொண்டார் என்பதை மறைக்காதீர்கள். நலோக்சோன் என்னும் மாற்று மருந்து உயிரைக் காக்கும். சில வாரங்கள் பழக்கத்தை நிறுத்தியிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்துக்கொள்வது உயிருக்கு ஆபத்தானது. அவருடைய உடல் அந்த அளவைத் தாங்கும் திறனை இழந்திருக்கும்.

சட்டம் பற்றிய அச்சம்

மருத்துவமனைக்குச் சென்றால் காவல்துறைக்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சமே பலரைத் தடுக்கிறது. சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்க மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 வழிவகுத்துள்ளது. போதைப் பழக்கத்திற்கான சிகிச்சையும் அதன் வரம்பில் அடங்கும். போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985இன் 64ஏ பிரிவு, போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தாமே முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை நிறைவு செய்தால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெற இடமளிக்கிறது. சிகிச்சையை நாடுவது உங்களுக்கு எதிரான செயலன்று.

அடிக்கடி எழும் ஐயங்கள்

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பழக்கத்தை விட்டுவிட்டேன். எனக்கும் பரிசோதனை தேவையா?
ஆம். பழக்கம் நின்றாலும் வைரஸ் தங்கியிருக்கலாம். ஒருமுறை பரிசோதித்துவிட்டால் ஐயம் நீங்கிவிடும்.

ஹெபடைடிஸ் சி இருந்தால் திருமணம் செய்துகொள்ளலாமா?
செய்துகொள்ளலாம். திருமணத்திற்கு முன்பே சிகிச்சையை முடித்துக் குணமடைந்துவிடுவது சிறந்தது. துணைவரிடம் உண்மையைக் கூறி அவரையும் பரிசோதனைக்கு உட்படுத்துங்கள். ரிபாவிரின் உட்கொள்பவர் ஆணாயினும் பெண்ணாயினும், சிகிச்சைக் காலத்திலும் அதன்பின் மருத்துவர் கூறும் மாதங்கள் வரையிலும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை இயல்பாக உள்ளது. நோய் இல்லை என்று கொள்ளலாமா?
கொள்ளக்கூடாது. நாள்பட்ட ஹெபடைடிஸ் சி உள்ள பலருக்கு அப்பரிசோதனை இயல்பாகவே இருக்கும். எதிர்ப்பொருள், ஆர்.என்.ஏ. பரிசோதனைகளே உண்மையைக் காட்டும்.

எங்கு உதவி பெறலாம்?

உங்கள் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையை அணுகி, ஹெபடைடிஸ் சிகிச்சை மையம் எங்குள்ளது என்று கேளுங்கள். போதை மீட்புச் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையும், ‘கலங்கரை’ ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களையும் அணுகலாம்.

- வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்ட உதவி எண்: 1800-11-6666
- போதை மீட்புத் தேசிய உதவி எண்: 14446
- எச்.ஐ.வி., எய்ட்ஸ் உதவி எண்: 1097
- மருத்துவ ஆலோசனை: 104
- மனநல ஆலோசனை: 14416
- அவசர ஊர்தி: 108

இப்பக்கத்தில் உள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகாதவை. மருத்துவமனைக்குச் செல்லும்போது, கடைசியாக ஊசியைப் பகிர்ந்த காலம், இப்போது உட்கொள்ளும் மருந்துகள், முந்தைய பரிசோதனைச் சீட்டுகள் ஆகிய மூன்றையும் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.